நாய்க்கு வேளாவேளைக்குத் தீனி போடும் கருவி: வீட்டிலேயே செய்யும் முறை

இந்தக் கருவியில் இரண்டு விதமான கோளாறு வரலாம். ஒன்று, நேரம் வந்தும் தீனி விழாது. மற்றொன்று, விழத் தொடங்கிய தீனி நிற்காது. முதலாவதில் நாய் ஒரு வேளை பட்டினி கிடக்கும். வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கு அதனால் ஆபத்தில்லை. இரண்டாவதில் குழாயில் இருக்கும் அத்தனை தீனியும் கிண்ணத்துக்கு வந்துவிடும். உலர் தீனியை அளவுக்கு மீறித் தின்றால் அது வயிற்றில் நீரோடு ஊறி உப்பும். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய இன நாய்களில் வயிறு வீங்கி முறுக்கிக்கொண்டு, சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் கீழே வரும் ஒவ்வொரு அளவும், இணைப்பும், நிரலும் ஒரே எண்ணத்தில் அமைந்தவை: எது பழுதானாலும் தீனி நிற்க வேண்டும்.

இந்த வடிவம் உலர் தீனிக்கு மட்டும்தான். சோறு, இறைச்சி, டின் உணவு போன்றவற்றுக்கு இது உதவாது. அவை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்தாலே கெட ஆரம்பிக்கும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். அதற்குப் பனிக்கட்டிப் பொதி வைத்த சுழல் தட்டு வேண்டும். அது வேறு கருவி.

எந்த முறையில் கொட்டுவது?

கவிழ்த்த பாட்டில், கீழே தட்டு என்ற அமைப்பைப் பலர் முதலில் முயல்வார்கள். தட்டு காலியானதும் தானே நிரம்பும் அதில் அளவும் இல்லை, நேரமும் இல்லை. எப்போதும் தீனி கிடந்தால் பெரும்பாலான நாய்கள் எடை போட்டுவிடும்.

கதவு வைத்து, சர்வோ மோட்டாரால் திறந்து மூடுவது அடுத்த யோசனை. கதவு மூடும்போது ஓர் உருண்டை இடையில் மாட்டினால் போதும், கதவு பாதி திறந்தபடி நிற்கும். மேலே இருப்பதெல்லாம் இறங்கும். நாம் தவிர்க்க நினைக்கும் கோளாறு இதில் அடிக்கடி வரும். இதை ஒதுக்கிவிடுங்கள்.

திருகு போல் சுழன்று தள்ளும் ஆகர் நல்ல முறைதான். ஆனால் திருகுக்கும் குழாய்க்கும் நடுவே உருண்டை சிக்கி இறுகும். நல்ல ஆகரைக் கையால் செய்வதும் கடினம். முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு அது சரிப்படும்.

இங்கே எடுத்துக்கொள்வது ஆறு இதழ் கொண்ட சக்கரம். படுக்கைவாட்டில் கிடக்கும் கம்பியில் மாட்டிய சக்கரம் குழாய்க்குள் சுற்றும். இரண்டு இதழ்களுக்கு நடுவே உள்ள அறையில் மேலிருந்து தீனி நிரம்பும், அறை கீழே வரும்போது கொட்டும். சக்கரம் எந்த நிலையில் நின்றாலும் மேல் வாய்க்கும் கீழ் வாய்க்கும் நடுவே ஒரு இதழாவது குறுக்கே நிற்கும். மின்சாரம் போனாலும், மோட்டார் எரிந்தாலும் வழி அடைபட்டே இருக்கும். இந்த முறையின் முழு மதிப்பும் இதில்தான் இருக்கிறது.

தேவையான பொருட்கள்

பிவிசி பகுதி: 110-க்கு 75 மி.மீ. ரிடியூசிங் டீ (110 குழாயிலிருந்து 75 கிளை பிரியும் T வடிவ இணைப்பு) ஒன்று, 110 மி.மீ. குழாய் 60 செ.மீ.; 110-ஐ 75 ஆக்கும் ரிடியூசர் ஒன்று; 75 மி.மீ. குழாய் 10 செ.மீ.; 110 மி.மீ. எண்ட் கேப் மூன்று. குடிநீருக்கு உகந்தது என்று குறிக்கப்பட்ட குழாயாக வாங்குங்கள்.

சக்கரத்துக்கு: 40 மி.மீ. விட்டமுள்ள நைலான் உருளை 80 மி.மீ. நீளம், 8 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி 20 செ.மீ.; 2 மி.மீ. உணவுத் தர சிலிக்கான் விரிப்பு (அடுப்பில் வைக்கும் பேக்கிங் மேட் போதும்), 2 மி.மீ. கெட்டியான பிளாஸ்டிக் தகடு, 10 மி.மீ. தடிமனான பிளாஸ்டிக் காய்கறி வெட்டும் பலகை ஒன்று. இந்தப் பலகை எச்டிபிஇ என்ற பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது. வெட்ட எளிது, தண்ணீர் ஊறாது, எண்ணெய் இல்லாமலே கம்பி அதில் வழுக்கிச் சுற்றும்.

மின்பகுதி: 12 வோல்ட், நிமிடத்துக்கு 10 சுற்று கியர் மோட்டார், முறுக்கு விசை 20 கிலோ-செ.மீ. அளவில், கம்பிக்கும் மோட்டாருக்கும் நடுவே வளையும் வகை கப்ளிங், நிரலை ஓட்டும் சிறு போர்டான அர்டுயினோ நானோ, டிஎஸ்3231 கடிகார மாட்யூல், பிடிஎஸ்7960 மோட்டார் டிரைவர், உருளை முனை லீவர் வைத்த மைக்ரோசுவிட்ச், 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர், 5 வோல்ட்டாகக் குறைக்கும் எல்எம்2596 பக் கன்வர்ட்டர், 3 ஆம்பியர் ஃபியூஸ், சிறிய பஸர், ஒரு அழுத்து பொத்தான், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர்.

இவற்றைத் தாங்க 18 மி.மீ. ஒட்டுப்பலகை, 30 செ.மீ. அகலம், 1 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரம்.

20 லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்த்தால் நிறையத் தீனி பிடிக்குமே என்று தோன்றும். அதன் கழுத்து குறுகல். வழியின் விட்டம் உருண்டையின் விட்டத்தைப் போல 5 மடங்காவது இருந்தால்தான் உருண்டைகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து வளைவு கட்டாமல் இறங்கும். 75 மி.மீ. குழாயின் உள் விட்டம் ஏறக்குறைய 70 மி.மீ.; ஆகவே 14 மி.மீ. வரை உள்ள உருண்டைக்கு அது தாங்கும். அதைவிடப் பெரிய உருண்டை என்றால் எல்லாவற்றையும் ஒரு அளவு கூட்டிச் செய்ய வேண்டும். இன்னொன்று: கொள்ளளவு பெரிதாக இருப்பதே ஓர் அபாயம். 60 செ.மீ. நீளமுள்ள 110 மி.மீ. குழாய் 5 லிட்டர், அதாவது 2 கிலோ தீனி பிடிக்கும். ஒரு நாளைக்கு 300 கிராம் தின்னும் நாய்க்கு இது 6 நாள் வரும். அதற்கு மேல் வேண்டாம்.

சக்கரம்

முதலில் டீயின் உள்ளே அளந்து கொள்ளுங்கள். இரு பக்க சாக்கெட்டுகளும் முடியும் இடத்தில் ஒரு சிறு படி இருக்கும். படியிலிருந்து படி வரை உள்ள தூரம்தான் சக்கரத்தின் நீளம். தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மாறும். இங்கே 80 மி.மீ. நீளம், 104 மி.மீ. உள் விட்டம் என்று வைத்துக் கணக்குச் சொல்கிறோம். உங்கள் டீக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

நைலான் உருளையின் நடுவே 8 மி.மீ. துளை நேராகப் போட வேண்டும். கையில் பிடித்து டிரில் செய்தால் கோணிவிடும். லேத் பட்டறையில் கொடுத்தால் சில நிமிட வேலை. துளை கோணினால் சக்கரம் தள்ளாடும். ஒரு பக்கம் உரசி மறுபக்கம் இடைவெளி விடும். பிறகு எதைச் செய்தும் சரி செய்ய முடியாது.

உருளையின் சுற்றில் ஆறு கோடுகளை 60 பாகை இடைவெளியில் போட ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி, சரியான நீளத்துக்கு வெட்டி, ஆறு சம பாகமாக மடித்தால் போதும். ஒவ்வொரு கோட்டிலும் 4 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழத்துக்கு நீளவாக்கில் காடி வெட்டுங்கள். இரண்டு ஹேக்ஸா பிளேடுகளைச் சேர்த்துக் கட்டி அறுத்தால் ஏறக்குறைய பாதி அகலம் வரும்; மீதியை அரத்தால் தேயுங்கள்.

ஒவ்வொரு இதழும் இரண்டு அடுக்கு. உள்ளே கெட்டித் தகடு, அது மையத்திலிருந்து 40 மி.மீ. வரைதான் நீளும். அதோடு சேர்ந்து சிலிக்கான், அது 51 மி.மீ. வரை நீளும். நுனியில் உள்ள 11 மி.மீ. மட்டும் வளையும். முழுவதும் சிலிக்கானாக இருந்தால் தீனியின் பாரத்தில் இதழ் மடிந்து வழிவிடும். முழுவதும் கெட்டியாக இருந்தால் மேல் வாயின் ஓரத்துக்கும் இதழுக்கும் நடுவே சிக்கும் உருண்டையைக் கத்தரிக்கப் பார்த்து, சக்கரம் நின்றுவிடும். இவ்வகைக் கருவிகள் இறுகி நிற்பது பெரும்பாலும் அந்த ஒரே ஓரத்தில்தான். சிலிக்கான் நுனி வளைந்து கொடுத்தால் உருண்டை தாண்டிப் போய்விடும். டீயின் உள்ளே அந்த ஓரத்தையும் அரத்தால் சரிவாகத் தேய்த்து, கூர்மையை எடுத்துவிடுங்கள்.

இதழ்களைக் காடியில் பசை போட்டு ஒட்ட வேண்டாம். ஒவ்வொன்றையும் பக்கவாட்டிலிருந்து இரண்டு சிறு எஃகு ஸ்க்ரூக்களால் பிடியுங்கள். கிழிந்த இதழை மட்டும் பிறகு மாற்றலாம். உருளையைக் கம்பியோடு பிணைக்க, இரண்டையும் குறுக்கே துளைத்து எம்3 போல்ட் ஒன்றைச் செருகி நட்டு போடுங்கள். வெறும் செட் ஸ்க்ரூ சில வாரத்தில் தளர்ந்து, கம்பி மட்டும் சுற்றும், சக்கரம் சும்மா இருக்கும்.

இந்த அளவில் ஓர் அறை 85 மில்லி லிட்டருக்கு மேல் வரும். அறை முழுதாக நிரம்புவதில்லை. முக்கால் பங்கு நிரம்பும். உலர் தீனி லிட்டருக்கு 350 முதல் 450 கிராம் வரை எடை இருக்கும். ஆக ஓர் அறை ஏறக்குறைய 26 கிராம். ஐந்து கிலோவுக்குள் உள்ள சிறிய நாய்க்கு இது முரட்டு அளவு. நடு உருளையை 70 மி.மீ. ஆக்கினால் அறை ஆழம் குறைந்து 17 கிராம் போல வரும். சிறிய உருண்டைத் தீனிக்கு மட்டும் அது சரி.

டீயும் குழாயும்

மேல் கிளைக்கு நேர் எதிரே, டீயின் அடிப்பக்கத்தில் வெளிவாயை வெட்ட வேண்டும். மறுபடியும் காகிதப் பட்டை முறைதான்: டீயைச் சுற்றி அளந்து ஆறாக மடித்தால் ஒரு மடிப்பு 60 பாகை. அந்த அகலத்தில், சக்கரத்தின் நீளத்தைவிட 10 மி.மீ. குறைவாக வாயைக் குறித்து, நான்கு மூலையிலும் 10 மி.மீ. துளையிட்டு, இடையை அறுத்தெடுங்கள். 60 பாகையை மீறக் கூடாது. வாய் அகலமானால் இரண்டு அறைகள் ஒரே நேரத்தில் திறக்கும். அளவு நம்ப முடியாததாகிவிடும். மேல் வாய் 84 பாகை, கீழ் வாய் 60 பாகை போக, ஒவ்வொரு பக்கமும் 108 பாகை மீதம். இதழ்கள் 60 பாகைக்கு ஒன்று. அதனால்தான் எப்போதும் ஒன்றாவது குறுக்கே நிற்கும் என்று முன்பு சொன்னது. 75-க்குப் பதிலாக 110-க்கு 110 சம டீ கிடைத்ததே என்று வாங்கினால் மேல் வாய் 180 பாகைக்கு விரிந்து, இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

வெட்டும் பலகையிலிருந்து 110 மி.மீ. வட்டத் தகடுகள் இரண்டு வெட்டி, நடுவே 8.2 மி.மீ. துளை போடுங்கள். சக்கரத்தை டீக்குள் வைத்து, இரு பக்கமும் இந்தத் தகடுகளைப் படியில் ஒட்ட நிறுத்தி, 110 குழாயின் சிறு துண்டு ஒன்றால் அழுத்தி, எண்ட் கேப்பைப் போட்டு, மூன்று ஸ்க்ரூக்களால் பூட்டுங்கள். கம்பி தகட்டுத் துளையிலேயே சுற்றட்டும். இந்த வேகத்துக்கு பேரிங் தேவையில்லை. பேரிங்கில் போடும் கிரீஸ் தீனித்தூளோடு சேர்ந்து பசையாவதுதான் மிச்சம்.

பிவிசி சிமெண்ட் எங்கும் வேண்டாம். உள்ளே ஆவி தங்கி தீனியில் நாறும். அதைவிட முக்கியம், ஒட்டிய கருவியைக் கழற்றிக் கழுவ முடியாது.

மேல் கிளையில் 75 குழாய்த் துண்டு, அதன் மேல் ரிடியூசர், அதன் மேல் 60 செ.மீ. குழாய், உச்சியில் மூடியாக மூன்றாவது எண்ட் கேப். எல்லாம் ஒரே நேர்கோட்டில் செங்குத்தாக நிற்க வேண்டும். பலகையில் பைப் கிளாம்புகளால் பிடித்து, பலகையைச் சுவரில் நான்கு போல்ட் போட்டு இறுக்குங்கள். தரையில் நிற்கும் ஃபீடரை நாய் ஒரு நாள் சாய்த்தே தீரும். தள்ளினால் தீனி விழும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், பிறகு அதுவே அதன் வேலை.

கீழே சரிவுப் பாதையை மூன்று பக்கம் அடைத்து, மிச்சமான பிளாஸ்டிக் தகட்டால் செய்யலாம். சரிவு 45 பாகைக்குக் குறையக் கூடாது. 50 வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்த பிறகும் தீனி தேங்காது. சரிவின் முனை நாயின் நாக்கும் முன்னங்காலும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். நடுத்தர நாய்க்குக் கிண்ணத்துக்கு மேல் 30 செ.மீ. போதும் என்று தோன்றினாலும், அது பின்னங்காலில் நின்று பார்க்கும் உயரத்தையும் கணக்கில் எடுங்கள். எட்டினால் நக்கும், எச்சில் ஈரம் மேலே ஏறி, வாயருகே உள்ள தூள் கெட்டியாகி, பூஞ்சை பிடிக்கும். உயரத்திலிருந்து விழும் உருண்டைகள் தெறிக்கும் என்பதால், கனமான, ஆழமான எஃகுக் கிண்ணமாக வையுங்கள். சரிவின் முனையில் மெல்லிய சிலிக்கான் துண்டைத் திரை போலத் தொங்கவிட்டால் பூச்சியும் பல்லியும் உள்ளே போகாது. எறும்புத் தொல்லை இருந்தால் கிண்ணத்தை, தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவே வையுங்கள். மருந்து தெளிக்கக் கூடாது.

எண்ணிக்கை சுவிட்ச்

மோட்டாரை 6 விநாடி ஓட்டினால் ஒரு சுற்று, ஆறு அறை என்று நேரத்தை வைத்து அளப்பது எளிதாகத் தெரியும். மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும், தீனி இறுகினாலும் அந்தக் கணக்கு தப்பும். சக்கரம் உண்மையில் எவ்வளவு திரும்பியது என்று எண்ண வேண்டும்.

கம்பியின் ஒரு முனை மோட்டாருக்குப் போகிறது. மறுமுனை எண்ட் கேப்பைத் தாண்டி 2 செ.மீ. வெளியே நீளட்டும். அதில் வெட்டும் பலகைத் துண்டால் செய்த அறுகோணத் தகட்டை மாட்டுங்கள். மையத்திலிருந்து மூலை 25 மி.மீ. இருந்தால் பக்கத்தின் நடு 21.7 மி.மீ. இருக்கும். இந்த 3 மி.மீ. வித்தியாசம் மைக்ரோசுவிட்சை அழுத்தி விடுவிக்கப் போதும். ஒரு சுற்றுக்கு ஆறு கிளிக், கிளிக்குக்கு ஓர் அறை. வெளிவாயின் இரு ஓரங்களிலும் இரு இதழ்கள் நேராக நிற்கும் நிலையில் கிளிக் விழுமாறு அறுகோணத்தைத் திருப்பி இறுக்குங்கள். அப்போது நிற்கும் ஒவ்வொரு முறையும் வாய்க்கு நேரே காலியான அறைதான் இருக்கும். பாதி கொட்டிய அறை தொங்கிக்கொண்டிருக்காது.

மின் இணைப்பு

அடாப்டரின் 12 வோல்ட் முதலில் ஃபியூஸ் வழியாகப் போகட்டும். அதிலிருந்து ஒரு கிளை மோட்டார் டிரைவருக்கு, மற்றொன்று பக் கன்வர்ட்டருக்கு. கன்வர்ட்டரை நானோவோடு சேர்க்கும் முன்பே 5.0 வோல்ட்டுக்குத் திருகி, மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். பெட்டியிலிருந்து வரும்போது அது எந்த வோல்ட்டிலும் இருக்கலாம். 12 வோல்ட்டை நேராக நானோவுக்குக் கொடுத்தால் அதன் சிறிய ரெகுலேட்டர் சூடேறும்.

கடிகார மாட்யூலின் எஸ்டிஏ நானோவின் ஏ4-க்கும், எஸ்சிஎல் ஏ5-க்கும். மைக்ரோசுவிட்ச் டி2-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே. டிரைவரின் இரு பிடபிள்யூஎம் முனைகள் (மோட்டாரின் திசையையும் வேகத்தையும் தீர்மானிப்பவை) டி5, டி6. அதன் இரண்டு எனேபிள் முனைகளையும் சேர்த்து டி7-க்குக் கொடுத்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். இந்த ஒரு ரெசிஸ்டரை விட்டுவிடாதீர்கள். போர்டு தொடங்கும்போதும் மறுதொடக்கம் ஆகும்போதும் முனைகள் மிதந்த நிலையில் இருக்கும். ரெசிஸ்டர் இருந்தால் அந்நேரம் மோட்டார் அணைந்தே இருக்கும். செராமிக் கெபாசிட்டரை மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே பற்ற வையுங்கள். இல்லாவிட்டால் மோட்டாரின் மின் இரைச்சல் சுவிட்ச் வயரில் ஏறி, இல்லாத கிளிக்கை எண்ண வைக்கும்.

டிஎஸ்3231 தனியாக வாங்கும் காரணம்: நானோவின் சொந்தக் கடிகாரம் ஒரு நாளிலேயே நிமிடக்கணக்கில் தவறக்கூடியது. இந்தச் சில்லு ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவில்தான் விலகும். பரவலாகக் கிடைக்கும் நீல நிற மாட்யூலில் ஒரு பொறி உண்டு. அதில் மின்கலத்தை சார்ஜ் செய்யும் சுற்று இருக்கிறது. சாதாரண சிஆர்2032 சார்ஜ் ஏற்றக் கூடாத வகை, உப்பும், கசியும். மின்கலத்துக்குப் போகும் பாதையில் உள்ள சிறு டயோடையோ அதன் அருகிலுள்ள 200 ஓம் ரெசிஸ்டரையோ சூடாக்கி எடுத்துவிட்ட பிறகே சிஆர்2032-ஐப் போடுங்கள்.

மின்தடைக்கு, இணைய ரூட்டருக்கு வைக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். அது தரும் உச்ச ஆம்பியர் உங்கள் மோட்டார் இறுகி நிற்கும்போது இழுக்கும் ஆம்பியரைவிட அதிகமாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால், சிக்கல் வரும் அதே நொடியில் யுபிஎஸ் தன்னை அணைத்துக்கொள்ளும். வயர்கள் அனைத்தும் குழாய்க்குள் போகட்டும், அடாப்டர் நாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். குட்டி நாய் வயரைக் கடிக்காமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை.

நிரல் எப்படி நடக்க வேண்டும்

நேரம் வந்ததும் மோட்டாரைச் சுற்றி, கிளிக்கை எண்ணி, நிறுத்துவது பத்து வரி. மற்ற வரிகளெல்லாம் தவறு நடக்கும்போது என்ன செய்வது என்பதற்கு.

மோட்டார் சுற்றத் தொடங்கும் முன்பே, இன்ன தேதி, இன்ன வேளை தொடங்கியது என்று இஇபிராமில், அதாவது மின்சாரம் போனாலும் அழியாத நானோவின் நினைவகத்தில், எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு கிளிக்குக்கும் எண்ணிக்கையைப் புதுப்பிக்க வேண்டும். கொட்டி முடித்த பிறகு எழுதலாம் என்று விட்டால் என்ன ஆகும்? மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் சரிகிறது, நானோ மறுதொடக்கம் ஆகிறது, இந்த வேளை இன்னும் போடவில்லையே என்று மறுபடி மோட்டாரைக் கிளப்புகிறது, மீண்டும் சரிகிறது. ஒவ்வொரு முறையும் சக்கரம் கொஞ்சம் நகரும். காலையில் பார்த்தால் குழாய் காலி. ஆகவே ஒரே வேளையில் மூன்று முறை மறுதொடக்கம் நடந்தால் அந்த வேளையைக் கைவிட்டு பஸரை ஒலிக்கச் செய்யுங்கள். இஇபிராம் ஓரிடத்தில் ஒரு லட்சம் முறை எழுதத் தாங்கும். நாளைக்கு 12 கிளிக் என்றால் 20 ஆண்டுக்கு மேல் வரும், கவலையில்லை.

கிளிக்குக்குக் கிளிக் ஒரு விநாடி ஆகும். 400 மில்லி விநாடிக்குள் வரும் அடுத்த கிளிக்கை இரைச்சல் என்று தள்ளுங்கள். 3 விநாடி ஆகியும் கிளிக் வரவில்லை என்றால் சக்கரம் இறுகிவிட்டது: நிறுத்தி, அரை விநாடி எதிர்த்திசையில் சுற்றி, மறுபடி முன்னே செலுத்துங்கள். பெரும்பாலான இறுக்கம் இதிலேயே விடும். பின்னோக்கிச் சுற்றும்போது தாண்டிய மூலையை முன்னே வரும்போது இரண்டாவது முறை எண்ண நேரலாம். அதனால் ஓர் அறை குறையும். குறைவதில் தவறில்லை, அதைத் திருத்த முயன்று நிரலைச் சிக்கலாக்க வேண்டாம். மூன்று முறை முயன்றும் விடவில்லை என்றால் நின்றுவிட வேண்டும்.

ஒரு நாளைக்கு மொத்தம் இத்தனை கிளிக், அதற்கு மேல் எக்காரணத்தாலும் இல்லை என்ற உச்ச வரம்பும் வேண்டும். கையால் அழுத்தும் பொத்தானும் இந்த வரம்புக்குள்ளேதான்.

மின்சாரம் போய்த் திரும்பினால், தவறிய வேளைக்கு 2 மணி நேரத்துக்குள் என்றால் போடலாம். தாண்டிவிட்டால் விட்டுவிட வேண்டும். இரண்டு வேளையைச் சேர்த்துப் போடவே கூடாது. டிஎஸ்3231-இல் கடிகாரம் நின்றிருந்தால் எழும் ஒரு கொடி உண்டு, நிலைப் பதிவேட்டின் 7-ஆம் பிட். தொடங்கும்போது அதைப் படித்து, எழுந்திருந்தால் தீனி போடாமல் பஸரை மட்டும் ஒலிக்கச் செய்யுங்கள். நேரம் தெரியாத கருவி நள்ளிரவில் கொட்டும்.

நிரல் உறைந்தால் போர்டைத் தானே மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக் வைப்பது நல்லது. ஆனால் பழைய பூட்லோடர் (போர்டு தொடங்கும்போது முதலில் ஓடும் சிறு நிரல்) உள்ள நானோ போர்டுகள் வாட்ச்டாக் தட்டியதும் மறுதொடக்கச் சுழலில் மாட்டி மீளாது; முதலில் ஆப்டிபூட் என்ற பூட்லோடரை ஏற்றிவிட்டு வையுங்கள்.

கிண்ணத்தின் அடியில் எடை உணரி வைத்து, 150 கிராம் வந்ததும் நிறுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தீனி விழும்போதே நாய் தின்னத் தொடங்கினால் எடை 150-ஐத் தொடவே தொடாது, கொட்டிக்கொண்டே இருக்கும். எடை உணரியைத் தீனி விழுந்ததா, குழாய் காலியா என்று பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்துவது கிளிக்கின் வேலை.

அளவு பார்த்தல்

குழாயைப் பாதி நிரப்பி, 12 கிளிக் ஓட்டிக் கொட்டியதை ஒதுக்குங்கள். அறைகள் சரியாக நிரம்ப அவ்வளவு தேவை. பிறகு 10 கிளிக் ஓட்டி எடை போட்டு, 10-ஆல் வகுங்கள். இதையே ஐந்து முறை செய்து, குழாய் நிறைந்திருக்கும்போது ஒன்றும் அடியில் கொஞ்சம் இருக்கும்போது ஒன்றும் பாருங்கள். எடைகள் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் அலைந்தால் இதழ் நுனி மடிந்திருக்கிறது, அல்லது ரிடியூசரில் உருண்டைகள் தேங்குகின்றன.

ஓர் அறை 26 கிராம், வேளைக்கு 150 கிராம் என்றால் 6 கிளிக்: 156 கிராம். ஒரு நாளின் மொத்த அளவைத் தீனிப் பையில் உள்ள எடை அட்டவணையைப் பார்த்தோ கால்நடை மருத்துவரைக் கேட்டோ முடிவு செய்யுங்கள். பிஸ்கட்டும் மிச்சச் சோறும் கொடுத்தால் அதையும் கழிக்க வேண்டும். தீனியின் வகை மாறினால் உருண்டையின் வடிவும் அடர்த்தியும் மாறும், அளவை மறுபடி பார்க்க வேண்டும்.

நாயிடம் கொடுக்கும் முன் வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். பாதி கொட்டும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். கடிகார மின்கலத்தை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். சக்கரத்தில் ஒரு மரக்குச்சியைச் செருகுங்கள். மைக்ரோசுவிட்ச் வயரைக் கழற்றுங்கள், அதன் இரு முனைகளையும் சேர்த்தும் பாருங்கள். பிளக்கைத் திரும்பச் செருகினால் மீதி கிளிக் மட்டும் விழ வேண்டும்; மற்ற எல்லா முறையும் மோட்டார் நின்று பஸர் ஒலிக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு வாரம் வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் ஓடட்டும்.

மோட்டார் சத்தத்துக்கு மிரளும் நாய்கள் உண்டு. முதல் சில நாள் நீங்களே பொத்தானை அழுத்தி, விழும் தீனியைக் காட்டிப் பழக்குங்கள். இரண்டு நாய்கள் உள்ள வீட்டில் ஒரே கருவி சண்டையை வளர்க்கும். பலமான நாய் இரண்டு பங்கையும் தின்றுவிடும். தனித்தனி அறையில் தனித்தனிக் கருவி, வேறு வழியில்லை. வேலைக்குப் போய் வரும் நேரத்துக்கும், பயணத்தில் தாமதமாகும் ஒரு வேளைக்கும் இதை நம்பலாம். நாட்கணக்கில் நாயைத் தனியே விட்டுப் போக இது அனுமதிச் சீட்டு அல்ல: கவிழ்ந்த தண்ணீரை இது நிரப்பாது, வாந்தி எடுத்த நாயைப் பார்க்காது. நாளுக்கு ஒருமுறையாவது ஒருவர் வந்து பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை தின்னும் சிறு குட்டிகளுக்கு இதை வைக்கவே வேண்டாம்.

பராமரிப்பு

பழைய தீனியின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். அடியில் தங்கும் தூளில் உள்ள கொழுப்பு காறிப்போய், புதிய தீனியையும் கெடுக்கும். காலியான பிறகு நிரப்புங்கள். மீதியை அதன் சொந்தப் பையிலேயே வாயை இறுகச் சுருட்டி வையுங்கள். பிரித்த பையை ஆறு வாரத்துக்குள் தீர்ப்பது நல்லது. காற்றில் ஈரம் அதிகமான நாட்களில் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு ரிடியூசரில் பாலம் கட்டும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை வெறுமனே உள்ளே போட்டால் அது சக்கரத்தில் மாட்டும் அல்லது கிண்ணத்துக்கே வரும். துளையிட்ட சிறு டப்பாவில் வைத்து, மூடியின் உட்புறம் ஸ்க்ரூ போட்டுப் பிடியுங்கள்.

கிண்ணத்தைத் தினமும் கழுவுங்கள். சக்கரத்தையும் டீயையும் சரிவையும் மாதம் ஒருமுறை கழற்றி, வெந்நீரும் பாத்திர சோப்பும் போட்டுக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். அப்போதே சிலிக்கான் நுனிகளை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்போ நிரந்தர வளைவோ இருந்தால் அந்த இதழை மாற்றிவிட்டு, 10 கிளிக் எடையை மறுபடி போட்டுப் பாருங்கள்.